தொழிலாளர் தலைவர் டு அதிபர்... சங்கத்தை விட்டுத் தலைவர்கள் ஏன் போகிறார்கள்?

2012 ஆகஸ்ட் 16. தென்னாப்பிரிக்காவின் மரிக்கானா பிளாட்டினச் சுரங்கம். மாதம் 12,500 ராண்ட் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. 34 பேர் பலியானார்கள்.

சுரங்கத்தை நடத்திய லோன்மின் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அப்போது இருந்தவர்களில் ஒருவர், சிரில் ராமபோசா. ஒருகாலத்தில் அதே சுரங்கத் தொழிலாளர்களின் தலைவர்!

பேசத் தெரிந்த ஆள்

நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. 1982-ல் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, சட்டம் படித்த ராமபோசா அதன் முதல் பொதுச்செயலாளர் ஆனார். 1987-ல் 30 சதவிகித சம்பள உயர்வு கேட்டுச் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் மூன்று வாரங்கள் நீடித்தது. லட்சக்கணக்கானோர் கலந்துகொண்டனர். பல்லாயிரம் பேர் வேலையை இழந்தனர். கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் சங்கம் உடையவில்லை.

1990-ல் நெல்சன் மண்டேலா விடுதலையானார். அடுத்து வெள்ளையர் அரசோடு பேச்சுவார்த்தை. சுரங்க முதலாளிகளோடு பல வருடங்கள் பேசிப் பழகிய ஒருவர் அங்கே தேவைப்பட்டார். 1991-ல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் பொதுச்செயலாளராகத் தேர்வானார் ராமபோசா. சங்கப் பொறுப்பு அத்தோடு முடிந்தது.

புதிய அரசியல் சாசனத்தை எழுதிய அவைக்கும் அவரே தலைவர். ஆனால், மண்டேலாவுக்கு அடுத்த இடம் தாபோ எம்பெக்கிக்குப் போனது. ராமபோசா தொழில் துறைக்குள் நுழைந்தார். பெரும் பணக்காரர் ஆனார்.

அந்த மின்னஞ்சல்

மரிக்கானாவில் துப்பாக்கிச்சூட்டுக்கு முந்தைய நாள்களிலேயே போலீஸார், காவலாளிகள் உட்பட 10 பேர் கொல்லப்பட்டிருந்தனர். 'இது தொழில் தகராறு அல்ல, குற்றச்செயல். நடவடிக்கை வேண்டும்' என்ற பொருளில் ராமபோசா அனுப்பிய மின்னஞ்சல் பின்னர் வெளியானது. விசாரணை ஆணையம் அவர்மீது குற்றம் காணவில்லை. 2017-ல், தான் பயன்படுத்திய வார்த்தைகளுக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். 2018-ல் நாட்டின் அதிபரானார்.

அந்தத் தொழிலாளர்களோ, அவர் வளர்த்த சங்கத்தை விட்டு வேறு சங்கத்துக்குப் போயிருந்தார்கள்.

தள்ளப்பட்டவரும் தோற்றவரும்

எல்லாத் தலைவர்களும் விரும்பிப் போவதில்லை. பிரேசிலின் உலோகத் தொழிலாளர் தலைவர் லூலாவை, 1980 வேலைநிறுத்தத்தின்போது ராணுவ அரசு சங்கப் பதவியிலிருந்து நீக்கி, 31 நாள்கள் சிறையில் வைத்தது. 2003-ல் அவர் அதிபரானார்.

போலந்தின் கப்பல் தள எலெக்ட்ரீஷியன் லெக் வலேசா, 1990-ல் அதிபர் தேர்தலில் ஜெயித்ததும் 'சாலிடாரிட்டி' தலைமையை விட்டார். 1995-ல் தோற்றதும் கொஞ்ச காலம் பழைய வேலைக்கே திரும்பினார். 2006-ல் சங்கத்தின் உறுப்பினராகக்கூட அவர் இல்லை.

பதவி அழைக்கும், அரசு துரத்தும், காலம் மாறும். தலைவர்கள் போவதற்குக் காரணங்கள் பல. போனபிறகு யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதைத்தான் தொழிலாளர்கள் கவனிக்கிறார்கள். 1987-ல் ராமபோசாவின் பின்னால் நின்றவர்கள் கேட்டதும், 2012-ல் மரிக்கானாவில் கூடியிருந்தவர்கள் கேட்டதும் ஒன்றுதான்... சம்பள உயர்வு!