முதல் 50 தோட்டாக்களின் கணக்கு

பிரிட்டனில் ஷாட்கன் வைத்துக்கொள்ளக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். 5 ஆண்டுக்குச் செல்லுபடியாகும் அதன் கட்டணம் 2025 பிப்ரவரியில் 79.50 பவுண்டிலிருந்து ஒரேயடியாக 194 பவுண்டாக ஏறியது. புதிதாகப் பழக வருபவர் இதைக் கேட்டு மிரள வேண்டாம். பறக்கும் தட்டுகளைச் சுடுவதற்கென்று காவல்துறை அனுமதித்த மைதானங்களில், சான்றிதழ் இல்லாமலே மைதானத்துத் துப்பாக்கியை வாங்கிச் சுடலாம். 1968ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. எனவே முதல் நாள் செலவு பயிற்சியாளர், தட்டு, தோட்டா ஆகிய மூன்றோடு முடிந்துவிடும்.

தோட்டா ஒன்று 35 பென்ஸ், தட்டு ஒன்று 40 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 50 முறை சுட்டால் 17.50 பவுண்டும் 20 பவுண்டும் சேர்ந்து 37.50 பவுண்டு. பயிற்சியாளரின் ஒரு மணி நேரம் இதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். அங்கே மிச்சம் பிடிக்க நினைத்து நண்பரையே ஆசானாக்கிக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை.

பணத்தைவிட முக்கியமான எண் தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும்: உள்ளே எத்தனை கிராம் ஈயம் என்பது. வழக்கமாகக் கையில் தருவது 28 கிராம். 21 கிராமிலும் தோட்டா உண்டு. வேகம் ஒன்றே என்றால், தோளில் விழும் உதையின் ஆற்றல் ஈய எடையின் வர்க்கத்தைப் பொறுத்தது. வெடிமருந்தின் எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஈயம் 25 சதவீதம் குறையும்போது உதை சுமார் 44 சதவீதம் குறைகிறது.

துப்பாக்கியின் எடைக்கு இது தலைகீழ்: எடை கூடினால் உதை குறையும். ஒல்லியான பெண்ணோ சிறுவனோ வந்தால், “பாவம், தூக்க முடியாது” என்று குழல் சிறுத்த, இலேசான 20 போர் (bore) துப்பாக்கியை நீட்டுவார்கள். அப்படிப்பட்ட 2.9 கிலோ துப்பாக்கியில் 24 கிராம் தோட்டா தரும் உதை, 3.5 கிலோ எடையுள்ள 12 போரில் 21 கிராம் தருவதைவிட ஏறத்தாழ 58 சதவீதம் அதிகம். இரக்கப்பட்டுச் செய்ததன் பலன் தோளில் கன்றிப்போன தடம்.

ஈயம் குறைந்தால் தட்டு உடையுமா என்ற கேள்வி வரும். 8ஆம் எண் சிறுகுண்டுகள் 28 கிராமில் சுமார் 450 இருக்கும். 21 கிராமில் சுமார் 340. 20 மீட்டர் தூரத்தில் அவை 80 சென்டிமீட்டர் அகல வட்டமாகச் சீராக விரிகின்றன என்று கொண்டால், 11 சென்டிமீட்டர் தட்டு அந்த வட்டத்தில் 53இல் ஒரு பங்கு. தட்டின் முழு முகமும் தெரியும்போது 28 கிராமில் 8 குண்டுகள் அதில் படும், 21 கிராமில் 6. எதிரே மெதுவாக வரும் தட்டுக்கு 6 தாராளம். தவறவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் குண்டுக் குறைவல்ல, பக்கவாட்டில் பறக்கும் தட்டின் பின்னால் சுடுவதுதான். விநாடிக்கு 22 மீட்டர் பறக்கும் தட்டு, 20 மீட்டர் தூரத்தைக் குண்டு கடப்பதற்குள் 1.25 மீட்டர் முன்னே போய்விடும். அந்தக் கணக்கு முதல் நாளுக்கு வேண்டாம்.

காதுக்குச் சமரசம் கிடையாது. வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். காதுக்கவசமும் கண்ணாடியும் போட்ட பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். இரண்டு குழல் இருந்தாலும் முதலில் ஒரு தோட்டாதான். அடுத்த தட்டு வரும்வரை குழலைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

50 என்பதும் உச்சவரம்புதான், இலக்கு அல்ல. 3.5 கிலோவை 50 முறை தோளுக்கு உயர்த்தினால் 175 கிலோ. பழக்கமில்லாத கை 30ஐத் தாண்டியதும் தளரத் தொடங்கும், கன்னம் கட்டையிலிருந்து விலகும், தட்டுகள் தப்பும். 25 தட்டில் 10 உடைத்தவரைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புவது, 100 சுடவைத்து 30 உடைக்கச் சொல்வதைவிட மேல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டு சுடும் டிராப் (trap) போட்டியின் இறுதிச் சுற்றில் தங்கம் வென்ற பிரிட்டனின் நேத்தன் ஹேல்ஸே 50இல் 2 தட்டுகளைத் தவறவிட்டார்.

நேரம் குறிக்கத் தொலைபேசியில் அழைக்கும்போதே 21 கிராம் தோட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு மைதானத்தைப் பாருங்கள்.