தோற்கத் தெரிந்த ஆசான்

ஜப்பானின் பழைய வாள்பயிற்சியைத் திரையில் பார்த்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார்: “இருவரும் முன்பே பேசிவைத்தபடி வாள் வீசுகிறார்கள். இதில் வீரம் எங்கே?”

பேசிவைத்தது உண்மைதான். கராத்தே பயின்றவர்கள் அறிந்த அதே ‘கட்டா’தான் இது, முன்பே வகுத்த அசைவுகளின் வரிசை; இங்கே ஓக் மரவாளோடு இருவர் சேர்ந்து செய்கிறார்கள். வெட்ட வருபவர் உச்சிதாச்சி. எதிர்கொண்டு வெல்பவர் ஷிதாச்சி.

இதில் யாருக்கு எந்தப் பங்கு என்பதுதான் எனக்கு ஓயாத வியப்பு. வெல்லும் பங்கு மாணவனுக்கு. மூத்தவர், பெரும்பாலும் ஆசானே, உச்சிதாச்சியாக நின்று ஒவ்வொரு முறையும் தோற்கிறார். திண்ணையில் ஆடுபுலி ஆடும்போது என் தாத்தா, ஆடுகள் வளைக்கக்கூடிய இடத்துக்குத் தானே புலியை நகர்த்திவிட்டு, நான் கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பார். ஆனால் வாளில் அப்படி விட்டுக்கொடுத்தால் பாடம் கெட்டுவிடும். ஆசானின் வெட்டு மெய்யாகவே தலையை நோக்கி வரவேண்டும். மாணவனின் இன்றைய திறமையைவிட ஒரு படி வேகமாக வரவேண்டும். அவன் சரியாக நகர்ந்தால் மட்டும் வழி திறக்கவேண்டும். பொய்யாக வீசினால் மாணவன் விலகக் கற்கமாட்டான். ரோஷப்பட்டு ஜெயித்துவிட்டாலோ அவனுக்கு எதுவுமே வராது. ஓனோ-ஹா இட்டோ-ரியூ மரபில் உச்சிதாச்சி ‘ஓனிகோட்டே’ என்னும் தடித்த கையுறை அணிகிறார், மாணவன் தயங்காமல் முழு வலுவோடு மணிக்கட்டில் அடிக்கட்டும் என்று. அடிவாங்குவதற்கென்றே ஆசானுக்கு ஒரு உடுப்பு!

1876இல் ஜப்பானின் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்த பின், இப்படிக் கற்பித்த வாள் மரபுகள் பல ஆளின்றி அழிந்தன. 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கத்தோரி ஷிந்தோ-ரியூ பிழைத்தது. 1960இல் சிபா மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அங்கே சேர்பவர் ரத்தம் தொட்டு உறுதிமொழி எழுதித் தரும் வழக்கம் உண்டு.

இன்று காணொளி பார்த்து நாலு கட்டாவைப் படித்துக்கொண்டு, வகுப்பு நடத்தக் கிளம்புகிறார்கள். அது என்னை வருத்துகிறது. வெல்பவரின் அசைவுகளைப் படத்தில் பார்த்து ஓரளவு பிடித்துவிடலாம். எதிரே நிற்கும் இந்தப் பையனுக்கு, இந்த நொடியில், எவ்வளவு வழி விடலாம் என்ற கணக்கோ பல்லாண்டு மாணவனாக நின்ற பிறகுதான் ஒருவருக்குக் கைவரும். கலையில் தேர்ந்ததற்குச் சான்றாகத் தரும் சுருளிலும் அது எழுதப்பட்டிருக்காது. அதில் இருப்பவை பெரும்பாலும் கட்டாக்களின் பெயர்களே.