கார் ஏசி: கேஸுக்கு முன் பார்க்க வேண்டியவை

திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசியில் காரின் ஏசி குளிரவில்லை என்றால், முதலில் காதில் விழுவது ‘கேஸ் குறைஞ்சிருக்கும்’ என்ற பேச்சுதான். பெட்ரோலைப் போல் எரிந்து தீரும் பொருளல்ல அது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆனால் கேஸ் முழுதாக இருந்தும், அதை இயக்கும் சுவிட்ச், ரிலே, சென்சார் ஆகியவற்றின் கோளாறால் ஏசி படுத்துவிடுவதும் உண்டு.

வராமல் போனது காற்றா, குளிர்ச்சியா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்றே இல்லையென்றால் ஃபியூஸ், புளோயர் மோட்டார் இரண்டையும் சோதிக்கலாம். கைத்திருகு கொண்ட பல கார்களில் 1, 2, 3-இல் அசைவில்லாமல் 4-இல் மட்டும் காற்று சீறி வரும். அது ரெசிஸ்டர் போனதன் அடையாளம். கடைசி வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. அந்த நிலையில் மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பது நல்லது.

காற்று வந்தும் குளிரவில்லையா? இன்ஜினை ஓடவிட்டு ஏசி பட்டனை அழுத்தினால், கிளட்ச் உள்ள கம்ப்ரசரில் ‘டக்’ என்ற சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், எலி கடித்த ஒயர் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்து வீதிகளில் இரவெல்லாம் வெளியே நிற்கும் கார்களில் ஒயரை முதலிலேயே பார்த்துவிடலாம். கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது; அதை கேஜ் வைத்துத்தான் உறுதி செய்ய முடியும்.

கம்ப்ரசர் ஓடுகிறது, தடித்த குழாய் சில்லென்று வியர்க்கிறது, உள்ளே மட்டும் வெப்பக்காற்று என்றால் பழுது டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. குளிர்காற்றையும் ஹீட்டர் காற்றையும் கலக்கும் சிறு கதவு சூடான பக்கத்தில் சிக்கியிருக்கலாம். அதைத் திருப்பும் மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருந்தால் டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்கும். திருச்சியில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை. அதனால் இதே கதவு குளிர்ந்த பக்கத்தில் சிக்கினால் கொடைக்கானல் ஏறும்வரை தெரியாது.

காவிரிப் பாலத்து நெரிசலில் வெதுவெதுப்பும் சென்னை நெடுஞ்சாலையில் குளிர்ச்சியும் என்றால், கண்டென்சர் ஃபேன் மீது சந்தேகப்படலாம். தொலைதூர ஓட்டத்தில் காற்று மெல்லமெல்லக் குறைந்து, ஏசியைச் சிறிது நேரம் நிறுத்தியதும் திரும்பினால், உள்ளே பனி உறைகிறது. அதைத் தடுக்கும் வெப்பநிலை சென்சாரையும் அடைத்துப்போன ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் ஸ்கேனர் மாட்டினால் கோளாறின் குறியீடு பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து கேஸ்தான் குறை என்று தெரிந்தால், கசிவை அடைத்து, வேக்யூம் செய்த பிறகே நிரப்ப வேண்டும். எந்த வகை, எத்தனை கிராம் என்பது பல கார்களில் பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும்; அந்த அளவுக்கு மேல் ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும்.