இக்கால அடிமைத்தனமும் நம் மாணவரும்



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள், "அடிமை என்றால் யார்?" என்று கேட்டேன். கைகள் மளமளவென்று உயர்ந்தன. "காலில் சங்கிலி போட்டிருப்பார்கள், சார்" என்றான் ஒருவன். "சாட்டையால் அடிப்பார்கள்" என்றாள் ஒருத்தி. "ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டு போவார்கள்" என்றான், படத்தில் பார்த்திருந்த மற்றொருவன். "இந்தக் காலத்தில் அடிமைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டதும் வகுப்பே ஒரே குரலில் "இல்லை, சார்" என்றது.

அந்தப் பதிலைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் வகுக்கக் கற்றேன். குழந்தை உளநூல் கற்றேன். ஒரு குழந்தை நம் கண்ணெதிரிலேயே எப்படிக் கைநழுவிப் போகிறது என்பதை மட்டும் அங்கே யாரும் கற்பிக்கவில்லை. அதை என் மாணவி ஒருத்தியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அந்தச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கும் பங்குண்டு.

அவள் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தவள். கணக்கில் கெட்டிக்காரி. தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாய் உரம் போடும் வேலைக்குப் போகிறவர். அவளுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். அடுத்த ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேரவேண்டும். பேருந்துச் செலவுக்கு என்ன செய்வது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த வேளையில், தீபாவளிக்குத் தலைநகரிலிருந்து ஓர் உறவினர் காரில் வந்திறங்கினார். தாய்க்கு ஒன்றுவிட்ட அக்காள், பிள்ளைகளுக்குப் பெரியம்மா. "பெண்ணை என்னோடு அனுப்பு. அங்கே நல்ல பள்ளியில் சேர்த்துவிடுகிறேன். சாயங்காலத்தில் கைக்குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் போதும்" என்றார். தாயின் கையில் முந்நூறு வெள்ளியும் கொடுத்தார்.

மறுநாள் தாய் பள்ளிக்கு வந்து, "சார், அனுப்பலாமா?" என்று கேட்டார். நான் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "நல்ல வாய்ப்பும்மா, விட்டுடாதீங்க." அத்தோடு நிற்கவில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டும் கொடுத்தேன்.

பதினாறு மாதங்கள் சென்றன. முதலில் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசியவள், பிறகு பேசுவதை நிறுத்திவிட்டாள். "டியூஷனுக்குப் போயிருக்கிறாள்" என்று பெரியம்மாவே பதில் சொன்னார். அடுத்த தீபாவளிக்கும் அவள் வரவில்லை. தந்தைக்கு மனம் கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பேருந்தேறிப் போய்விட்டார். பள்ளி நேரத்தில் மகள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவேயில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால், படுக்க இரவு பதினொன்றாகும். சம்பளம் என்ற பேச்சே கிடையாது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் பெரியம்மாவின் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. தந்தை போலீசில் புகார் செய்து மகளை அழைத்துவந்தார்.

செய்தி கேட்டு அவர்கள் லயத்துக்குப் போனேன். குற்ற உணர்வை மறைக்கத் தெரியாமல் அந்தப் பெண்ணிடம் ஒரு மூடத்தனமான கேள்வி கேட்டேன். "ஏம்மா, ஓடி வந்திருக்கலாமே! கதவைப் பூட்டியா வைத்திருந்தார்கள்?"

அவள் சொன்னாள்: "இல்ல சார், கதவு தொறந்துதான் இருந்திச்சு. நான்தான் பெரியம்மாவுக்குக் கடன்பட்டிருந்தேனே."

பெரியம்மாவிடம் ஒரு 555 நோட்டுப் புத்தகம் இருந்ததாம். நம் தோட்டத்துக் கடைகளில் கடன் எழுதுவார்களே, அதே சிறிய நோட்டு. தாய்க்குக் கொடுத்த முந்நூறு வெள்ளி, இரண்டு சட்டை, கை தவறி உடைந்த அரவை இயந்திரம், காய்ச்சலுக்கு வாங்கிய மருந்து, சாப்பாடு என்று எல்லாவற்றையும் அதில் எழுதிவந்தாராம். கணக்கில் கெட்டிக்காரியான என் மாணவிக்கு அந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பிடிபடும்?

நேயர்களே, அன்று முதல் இந்தப் பாடத்தை நடத்தும்போது சங்கிலிப் படத்தை நான் மாட்டுவதில்லை. சங்கிலியை அடையாளமாகக் காட்டினால், சங்கிலி இல்லாத இடத்தில் அடிமைத்தனமும் இல்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. பூட்டாத கதவுக்குள் ஒருவரை நிறுத்திவைப்பது எது என்பதைத்தான் காட்டவேண்டும்.

அதைக் காட்ட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய பேராக்கில் கடனடிமைகள் இருந்தார்கள். வாங்கிய கடனைக் கட்ட முடியாதவன் கடன் கொடுத்தவனுக்கு ஊழியம் செய்யவேண்டும். அவன் மனைவி மக்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். உழைப்பு கடனில் கழியாது. முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான பர்ச், தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1875-இல் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. அங்கே இந்த முறை 1883-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஒழிக்கப்பட்டது.

அடுத்து நம் சொந்தக் கதை. ஒப்பந்தக் கூலியை நம் பெரியவர்கள் 'சஞ்சிக்கூலி' என்பார்கள். மலாய் மொழியில் 'ஜஞ்சி' என்றால் வாக்குறுதி. கப்பல் செலவு கூலியாளின் தலையில் கடனாக விழுந்தது. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைத் தண்டனையும் உண்டு. மலாயாவில் அந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி யார்? ஊரிலிருந்து வந்து, ஊருக்கே திரும்பிப் போய், உறவு சொல்லி ஆள் சேர்த்தவர். 1938-இல் அதுவும் நின்றது. எல்லாக் கங்காணிகளும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை; என் பாட்டனாரை அழைத்துவந்தவர் நல்லவர் என்றே எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஆனால் முன்பணமும் முகம் தெரிந்த மனிதரும் சேர்ந்து வரும்போது மறுப்பது எவ்வளவு கடினம் என்பதை, பாட்டன் கதை கேட்ட பிள்ளை உடனே புரிந்துகொள்கிறது.

சீன சமூகத்தில் 'முய் சாய்' என்றொரு வழக்கம் இருந்தது. சொல்லின் பொருள் சின்னத் தங்கை. ஏழைப் பெற்றோரிடமிருந்து சிறுமிகளை விலைக்கு வாங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். 1932-இல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அப்படிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து விற்கப்பட்ட சிறுமியான ஜேனட் லிம் பின்னாளில் தாதியாகி, செயின்ட் ஆண்ட்ரூஸ் மருத்துவமனையில் மேட்ரனாகவும் உயர்ந்தார். தம் கதையை அவர் எழுதிய ஆங்கில நூல் 1958-இல் வெளிவந்தது. மேல் வகுப்பு மாணவர்களுக்கு அவரைப்பற்றிச் சொல்லுங்கள். 'தங்கை' என்ற பெயரையும் 'பெரியம்மா' என்ற பெயரையும் அவர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி வகுப்பறைக்கு வருவோம். இந்தப் பாடத்தை நான் கணக்கு வேளையில் தொடங்குகிறேன். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதுவேன். நானாக அமைத்த கணக்குத்தான். ஓர் அண்ணன் வெளியூர் வேலைக்குப் போகிறார். பயணம், தரகு எல்லாம் சேர்த்து அவர் பெயரில் 2,400 வெள்ளி கடன். மாதச் சம்பளம் 600 வெள்ளி. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் 350, பத்திரச் செலவுக்கு 100, தாமதமாக வந்ததற்கு அபராதம் 60, மருந்துக்கு 40, கடனுக்கு மாத வட்டி நூற்றுக்கு ஐந்து. "எத்தனை மாதத்தில் கடன் தீரும்?" இதுதான் கேள்வி.

பிள்ளைகள் 2,400-ஐ 600-ஆல் வகுத்து, "நான்கு மாதம்" என்று முந்திக்கொள்வார்கள். "பிடித்தம் போகட்டும்" என்பேன். முதல் மாத வட்டி 120. பிடித்தம் மொத்தம் 670. சம்பளமோ 600. எழுபது வெள்ளி துண்டு விழுகிறது; கடன் 2,470 ஆகிறது. இரண்டாம் மாதம் வட்டி 123 வெள்ளி 50 காசு. கடன் 2,543 வெள்ளி 50 காசு. மூன்றாம் மாதக் கணக்கைப் போடும்போது வகுப்பு அமைதியாகிவிடும். கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையன், கணக்கென்றாலே ஒளிந்துகொள்பவன், ஒருமுறை எழுந்து, "சார், இந்தக் கணக்கு முடியாது. முடியக்கூடாதுன்னே போட்டிருக்காங்க" என்றான். அரைமணி நேரம் நான் பேசியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு நாடகம். ஒரு மாணவன் மாமாவாக வருவான். கைபேசி வாங்கித் தருகிறேன், பட்டணம் காட்டுகிறேன் என்று அழைப்பான். எதிரிலிருக்கும் பிள்ளை கேள்வி கேட்கவேண்டும். என் பத்திரம் யாரிடம் இருக்கும்? பணத்தை யார் எண்ணுவார்கள்? நினைத்தபோது அம்மாவோடு தனியாகப் பேச முடியுமா? நாளைக்கே வீட்டுக்கு வருகிறேன் என்றால் விடுவீர்களா? மாமா வேடம் போட்டவன் தடுமாறத் தடுமாற வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். பயமுறுத்திச் சொன்ன பாடம் இரவில் கெட்ட கனவாகத்தான் வரும், பகலில் பயன்படாது.

ஒரு சிறுமி கேட்டாள்: "அம்மா என்னைப் பாத்திரம் கழுவச் சொல்றாங்களே சார், நானும் அடிமையா?" வகுப்பு மீண்டும் சிரித்தது. நல்ல கேள்வி அது. "கழுவி முடித்துப் பள்ளிக்கு வந்துவிட்டாயே! கழுவமாட்டேன் என்றால் திட்டு விழும்; ஆனால் அம்மா அதை நோட்டில் எழுதிக் கடன் கேட்பாரா?" என்றேன். வீட்டுக்கு உதவுவது வேறு, படிப்பையும் வெளியேறும் வழியையும் பறித்துக்கொள்வது வேறு என்பதை அவளே பிரித்தறிந்தாள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. மனித வணிகத்துக்கு எதிரான தனிச் சட்டம் மலேசியாவில் 2007-இலும் சிங்கப்பூரில் 2014-இலும் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் மன்றம் 2000-இல் ஏற்ற உடன்படிக்கை ஒன்றில் ஆசிரியர்கள் அறியவேண்டிய விதி உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சுரண்டுவதற்காகக் கொண்டு போனால், அடித்தார்களா, ஏமாற்றினார்களா என்று பார்க்க வேண்டியதேயில்லை. "பிள்ளை சம்மதித்துத்தான் வந்தது" என்ற பேச்சு எடுபடாது. இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். 'நான்தானே சரி என்றேன்' என்ற எண்ணம்தான் பலரை வாய் திறக்கவிடாமல் செய்கிறது.

இது சிறுபிள்ளைகளோடு நிற்பதில்லை. 2022-இல் நம் நாட்டு இளைஞர் பலர், கைநிறையச் சம்பளம் என்ற இணைய விளம்பரங்களை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய், மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். நம் மாணவரின் அண்ணன்மார் வயதினர் அவர்கள். நம் தோட்டங்களில் இன்று வேலை செய்யும் வெளிநாட்டாரையும் மறந்துவிடலாகாது. பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். உலகத் தொழிலாளர் நிறுவனமும் அதனோடு சேர்ந்தவர்களும் கணித்தபடி, 2021-இல் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இக்கால அடிமைத்தனத்தில் இருந்தார்கள். கட்டாய உழைப்பில் இருந்த குழந்தைகள் மட்டும் 33 இலட்சம். எண்ணைச் சொல்லுங்கள், ஆனால் எண்ணிலிருந்து பாடத்தைத் தொடங்காதீர்கள். கோடி என்பது பிள்ளைக்கு வெறும் சுழியம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாடத்துக்குப் பின் ஏதேனும் ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வந்து நிற்கலாம். அப்போது பெற்றோரை ஏசாதீர்கள். என் மாணவியின் தாய் மகளை விற்கவில்லை. ஆசிரியரைக் கேட்டு, அவர் சொன்னதை நம்பினார். பிள்ளை சொல்வதைக் கேட்டு, தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். மலேசியாவில் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு யாரும் அழைக்கலாம்.

அந்தப் பெண் இரண்டாண்டு பிந்திப் புகுமுக வகுப்பில் சேர்ந்தாள். இன்று ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். இந்தப் பேச்சில் தன் கதையைச் சொல்லலாம், ஊரை மட்டும் சொல்லவேண்டாம் என்றாள்.

இப்போதெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு யார் வந்தாலும், எந்தப் பள்ளி, எந்த முகவரி, அடையாள அட்டை யார் கையில் இருக்கும், விடுமுறைக்கு யார் அழைத்து வருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "என் கூடப்பொறந்த தம்பியையே சந்தேகப்படுறீங்களா, சார்?" என்றார். "இல்லம்மா, பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்கப் போறேன், அவ்வளவுதான்" என்றேன். அந்தப் பள்ளியில் பையனின் பெயர் பதிவாகியிருந்தது. கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.