மகளிர் கால்பந்து லீக்: ஒரகடத்துக்கு இதில் என்ன வேலை?

சென்னையை அடுத்த தொழிற்பேட்டைச் சாலையில், சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும், ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் பஸ்களைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள், பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டால் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பதில் வரும். தமிழகத்தின் பெயர்பெற்ற கால்பந்து வீராங்கனைகள் சிலரும் அதே கடலூர்ப் பக்கம்தான். இந்த இரண்டு கூட்டமும் எங்கும் சந்தித்துக்கொள்வதில்லை. மகளிர் லீக்கின் அடுத்த சீசனைப் பற்றிய இந்தக் கட்டுரை இந்தச் சாலையில் தொடங்க அதுவே காரணம்.

முதலில் லீக் என்ன என்று பார்த்துவிடுவோம். ஐ.டபிள்யூ.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்திய மகளிர் லீக், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நடத்தும் முதல்நிலைப் போட்டி. இதன் முதல் சீசனின் இறுதிச் சுற்று 2017 தொடக்கத்தில் புது டெல்லியில் நடந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பையை எடுத்துப் போனது. அடுத்தடுத்த சீசன்கள் ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என்று ஊர் மாறின, முறை மாறவில்லை. கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடிப்பதுபோல ஏதோ ஓர் ஊரில் மைதானம் பிடிப்பார்கள், எல்லா அணிகளையும் அங்கே இறக்குவார்கள், சில வாரங்களில் முடித்து அனுப்பிவிடுவார்கள். பெயரில் லீக் இருந்தாலும் நடந்தது நீளமான டோர்னமென்ட்தான்.

இதில் ஆட்டக்காரிக்கு என்ன நஷ்டம்? ஆண்டில் சில வாரங்களே ஆட்டம் இருந்தால் கிளப் அவரைச் சில மாதங்களுக்குத்தான் ஒப்பந்தம் செய்யும். மிச்ச மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது, முறையான பயிற்சி கிடையாது, முழங்காலில் அடிபட்டால் பிசியோ கிடையாது. சொந்த ஊரில் ஆட்டமே நடக்காததால் அணிக்கு ரசிகர்களும் சேரமாட்டார்கள். ரசிகர் இல்லாத இடத்துக்கு விளம்பரதாரரும் வரமாட்டார்.

2023-24 சீசனில்தான் இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. ஏழு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஆறுடன் சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என்று ஆடின. ஒடிசா எஃப்.சி. சாம்பியன் ஆனது. அதற்கடுத்த சீசனில் எட்டு அணிகள், தலைக்குப் பதினான்கு ஆட்டங்கள். ஈஸ்ட் பெங்கால் பட்டம் வென்றது, முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஒடிசாவோ அடிமட்டத்துக்குச் சரிந்தது. கடைசியில் வருகிற அணிகள் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்க வேண்டும், அங்கே முதலில் வருகிறவை மேலே ஏறும். முதலிடத்துக்கு ஆசியாவின் மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பு உண்டு. ஈஸ்ட் பெங்கால் அந்த வாய்ப்பை வீணாக்கவில்லை: 2025 நவம்பரில் சீனாவின் ஊஹானில் ஈரானின் பாம் கதூன் அணியை 3-1 என்று வென்றது.

தமிழ்நாட்டுக்கு இந்த லீக்கில் ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது. அதன் பெயர் சேது எஃப்.சி. மதுரையைச் சேர்ந்த இந்த அணி 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தியது. அப்போது பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண். 2022-இல் பட்டத்தைத் தீர்மானித்த கடைசி ஆட்டம் வரை வந்து கோகுலம் கேரளாவிடம் 1-3 என்று தோற்றது. ஆண்களுக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணிகளின் பணத்தோடு ஒப்பிட்டால் சேதுவின் கையிருப்பு சிறியது. ஆனாலும் முதல்நிலையில் விடாமல் நின்றுகொண்டிருக்கிறது.

சேதுவுக்கு முன்னும் பின்னும் நிற்கிற ஊர் கடலூர். அங்கே இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியில் பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்த பெண்களில், 2004 சுனாமியில் பெற்றோரை இழந்தவர்களும் உண்டு. அந்த அகாடமியே ஒரு சீசனில் ஐ.டபிள்யூ.எல். இறுதிச் சுற்று வரை போயிருக்கிறது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள். தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு 2018-இல் மணிப்பூரை 2-1 என்றும், 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்றும் வென்று கோப்பை வாங்கியது. மணிப்பூரைத் தோற்கடிப்பது என்றால் என்ன என்று பெண்கள் கால்பந்தைக் கொஞ்சம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்துமதி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். இதை நான் துணுக்குச் செய்தியாகச் சொல்லவில்லை, தமிழகப் பெண் கால்பந்தின் பொருளாதாரமே இதில் இருக்கிறது. நன்றாக ஆடுகிற பெண்ணின் வீட்டில் கேட்கப்படும் கேள்வி, எந்தக் கிளப்பில் சேருவாள் என்பதல்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமா என்பது. போலீஸோ ரயில்வேயோ கிடைத்தால் ஆட்டம் தொடரும். கிடைக்காதவருக்கு இருபத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்துவிடும்.

சம்மேளனம் இதை மாற்றப் பார்த்தது. முதல்நிலை லீக்கில் ஆடும் ஒவ்வோர் அணியும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது கொடுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் முடிவெடுத்தது. மாதம் சுமார் 26,700 ரூபாய். தேசிய அளவில் முதல் எட்டு அணிகளுக்குள் வருகிறவருக்கு இது பெரிய தொகையில்லை, ஆனால் அடித்தளம் என்று ஒன்று அதற்கு முன் இருந்ததே இல்லை. அதே 2023-இல்தான் கேரளா பிளாஸ்டர்ஸ் தன் மகளிர் அணியை நிறுத்தியது. ஐ.எஸ்.எல். ஆட்டத்தின் நடுவே ஆண்கள் அணி மைதானத்தைவிட்டு வெளியேறியது, அதற்கு நான்கு கோடி ரூபாய் அபராதம் விழுந்தது, செலவைக் குறைக்கக் கிளப் பார்த்தது பெண்கள் பக்கம். தப்புச் செய்தது ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு!

2025 டிசம்பரில் தொடங்கிய சீசனிலும் இதே வாடை அடித்தது. சம்மேளனத்துக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. ஐ.எஸ்.எல். எப்போது தொடங்கும் என்பதே தெரியாமல் கிடந்தது. ஈஸ்ட் பெங்கால், கோகுலம், கிக்ஸ்டார்ட், நீதா, ஸ்ரீபூமி, சேது ஆகியவற்றுடன் புதிதாக ஏறிவந்த டெல்லியின் கர்வால் யுனைடெட்டும் கோவாவின் சேசாவும் சேர்ந்து எட்டு அணிகள். ஆனால் ஆட்டங்களை மறுபடியும் ஒரே மாநிலத்தில், மேற்கு வங்கத்தில், குவித்தார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று சாய்த்து, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய மகளிர் அணிக்குக் கிடைத்த பரிசு அது. அந்த இரண்டு கோல்களும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை.

ஆகவே அடுத்த சீசனில் யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். சொந்த மைதான ஆட்டங்கள் திரும்பி வருகின்றனவா? ஒப்பந்தங்கள் எத்தனை மாதத்துக்குப் போடப்படுகின்றன?

இப்போது ஒரகடம் சாலைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாயின் குழுமத்துக்கு, தாய்நாட்டில் ஒரு மகளிர் கால்பந்து அணி உண்டு. குழுமத்தின் எஃகு நிறுவனமான ஹூண்டாய் ஸ்டீல் நடத்தும் ரெட் ஏஞ்சல்ஸ். தென்கொரியாவின் மகளிர் லீக்கில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை சாம்பியன். ஜப்பானிலும் 1989-இல் மகளிர் லீக் தொடங்கியபோது அதைத் தாங்கியவை கம்பெனி அணிகள்: பன்றி இறைச்சி பதப்படுத்தும் ப்ரிமா ஹாம், முத்து வியாபாரம் செய்யும் தசாகி. இன்னும் பின்னால் போனால் இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் நகரம் வரும். முதல் உலகப் போரில் வெடிபொருள் செய்த டிக், கெர் ஆலையின் பெண்கள் 1917-இல் அமைத்த அணி, 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் ஆடியபோது மைதானத்துக்குள் 53,000 பேர். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அது நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆயிற்று.

கம்பெனி அணி சர்வரோக நிவாரணி அல்ல. ஜப்பானில் நிக்கோ செக்யூரிட்டீஸ் அணி 1996, 97, 98 என்று மூன்று முறை தொடர்ந்து கோப்பை வென்றது, அதற்குப் பிறகு கலைக்கப்பட்டது. பொருளாதாரம் சுருங்கியதும் முதலில் வெட்டப்பட்டது அதுதான். முதலாளியின் தயவில் நிற்கும் அணி, தயவு தீர்ந்தால் விழும். ஆனால் அடித்தளத்தில் ஒன்றுமே இல்லாத ஊரில், கலைக்கப்படக்கூடிய அணி ஒன்று இருப்பதுகூட முன்னேற்றமே.

இந்தப் பகுதியில் இடத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் பந்தயம் ஓட முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தடம் இருக்கிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் 706.5 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே 18,720 பேர் தங்கலாம். சர்வதேச அளவிலான கால்பந்து மைதானம் ஒன்றுக்கு இரண்டு ஏக்கருக்குள்தான் தேவை.

அணி அமைக்க என்ன வேண்டும்? மாவட்டச் சங்கத்தில் பதிவு, மாநில லீக்கில் வெற்றி, இரண்டாம் நிலை லீக், அதன் பிறகு ஐ.டபிள்யூ.எல். எல்லாம் சரியாக நடந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். மேலே போன பிறகு பத்துப் பேரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 32 லட்சம் ரூபாய். பயணம், பயிற்சியாளர், மருத்துவம் தனி. இந்தச் சாலையின் பெரிய ஆலை ஒன்றுக்கு இது விளம்பரச் செலவின் ஓரத்தில் அடங்கும்.

பணத்தைவிடச் சிக்கலானது ஷிப்ட். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் பெண்ணால் ஒரே நேரத்தில் பயிற்சிக்கு வர முடியாது. நைட் ஷிப்ட் முடித்தவர் மைதானத்துக்கு வந்தால் காயம்தான் மிஞ்சும். பதினெட்டுப் பேருக்குக் காலை ஷிப்டை நிரந்தரமாக்கி, ஆட்ட நாட்களைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக்குவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. எச்.ஆர். மேலாளர் ஒருவரின் கையெழுத்தே போதும்.