ஷெட்டில் நிற்கும் பழைய கார் – என்ன விலை போகும்?

பழைய நகையை விற்கப் போனால் நம்மை யாரும் அவ்வளவு எளிதில் ஏமாற்றிவிட முடியாது. எடை எவ்வளவு, மாற்று என்ன, கல்லுக்குக் கழித்தது எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டுவிடுவோம். ஆனால் வீட்டில் ஒரு பழைய கார் நின்றால்? "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். வாங்க வருகிறவர் சொல்வதுதான் விலை என்றாகிவிடுகிறது. காருக்கும் உரைகல் உண்டு, சகோதரிகளே. அது நமக்கு எட்டாத வித்தையும் இல்லை.

எங்கள் புதுச்சேரியில் இது பல வீடுகளில் உள்ள சங்கதிதான். பெரியவர் காலமாகியிருப்பார்; பிள்ளைகள் பிரான்சிலோ சென்னையிலோ இருப்பார்கள்; கார் மட்டும் ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். முத்தியால்பேட்டையில் என் பெரியம்மா வீட்டிலும் அப்படித்தான். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா'. 1970-ஆம் வருடத்து ஃபியட் 1100 டிலைட் ஒன்றைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். அவர் போன பிறகு எட்டு வருடம் வண்டி நகரவே இல்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்குப் பணம் தேவைப்பட்டபோதுதான் காரின் நினைப்பு வந்தது.

பழைய இரும்பு வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் பதினெட்டாயிரம் என்றார். கொழுந்தனார் மகனோ, "அஞ்சு லட்சத்துக்குக் குறைஞ்சு குடுக்காதீங்க பெரியம்மா, இப்பல்லாம் பழைய காருக்குத்தான் மவுசு" என்றான்.

"பதினெட்டாயிரத்துக்கும் அஞ்சு லட்சத்துக்கும் நடுவுல நான் எதை நம்புறது? நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லும்மா" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். முதலியார்பேட்டையில் பழைய வண்டிகளையே பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தேன். அன்று அவரிடம் கேட்டதும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதும் உங்களுக்கும் உதவும்.

ஒரே காருக்கு மூன்று விலை

முதலாவது இரும்பு விலை. எடைக்கு இவ்வளவு என்று போடுவது. இதற்குக் கீழே எந்தக் காரும் போகாது. இரண்டாவது ஓட்டுகிறவர் விலை. வண்டி ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. மூன்றாவது ரசிகர் விலை. பழைய கார்களைத் தேடி வாங்கிப் பாதுகாக்கிறவர்கள் தருவது. நம் கார் எந்த வரிசையில் நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

வயதானால் மட்டும் விலை ஏறிவிடாது. 2022 மே மாதம் 1955-ஆம் வருடத்து மெர்சிடிஸ் பந்தயக் கார் ஒன்று பதின்மூன்றரைக் கோடி யூரோவுக்கு விற்றது. அந்த மாதிரியில் உலகத்தில் செய்ததே இரண்டுதான்! நம் ஊரில் எம்.ஜி.ஆர். பயன்படுத்திய டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடர், சென்னை தியாகராய நகரில் அவருடைய நினைவு இல்லத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மதிப்பு உரிமையாளரால் வந்தது. நம் வீட்டு ஃபியட் அப்படி இல்லை. 1964-ல் டிலைட்டாக வந்து, 1974-ல் பத்மினி என்று பெயர் மாறி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நிற்கும் வரை ஏராளமாக ஓடிய வண்டி. மும்பையில் கடைசி பத்மினி டாக்சிக்கு 2023 அக்டோபரில்தான் விடை கொடுத்தார்கள். ஆகவே அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் கெடாமல், மாற்றாமல் இருக்கும் பழைய டிலைட் குறைந்துகொண்டே வருகிறது. அதுதான் அதன் பலம்.

உதிரி பாகம் கிடைப்பதும் விலையில் சேரும். அம்பாசடர் 2014 வரை உற்பத்தியானதால் சாமான் தேடுவது சுலபம். ஃபியட்டுக்கும் விசாரித்தால் கிடைக்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அழகான வண்டிதான். ஆனால் 1970-களிலேயே நின்றுபோனதால் ஒரு கண்ணாடிக்குக் கூட அலைய வேண்டும்.

ஃபிரிட்ஜ் காந்தம் போதும்

புதுச்சேரியில் பழைய காருக்கு முதல் எதிரி கடற்காற்று. எஞ்சினைப் பிரித்து மாட்டிவிடலாம்; உப்புக் காற்றில் அரித்த தகட்டை மீட்பதுதான் பெரிய செலவு. மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் பொருள் என்ன தெரியுமா? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தம்! அதை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பக்கம், சக்கரத்தின் மேல் வளைவு, கதவுக்குக் கீழே உள்ள பட்டை என்று வைத்துக்கொண்டே வந்தார். நல்ல தகடானால் காந்தம் கப்பென்று பிடிக்கும். துருவை மறைக்கப் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் வழுக்கி விழும். பிறகு கால் மிதியடியை எடுத்துத் தரையைக் கையால் அழுத்திப் பார்த்தார். டிக்கிக்குள் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பார்த்தார். பெரியம்மா வீட்டு வண்டியில் கதவுகள் நன்றாக இருந்தன. டிரைவர் பக்கத் தரை மட்டும் சல்லடை.

அடுத்தது, பழைய சாமான் பழையபடியே இருக்கிறதா என்பது. முன் கிரில், பம்பர், வீல் கப், மீட்டர், விளக்குக் கண்ணாடி இவையெல்லாம் கம்பெனி கொடுத்தபடி இருந்தால் ரசிகர் விலை கூடும். டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால், புதுவித சீட் போட்டிருந்தால் குறையும். பரணை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். பெரியம்மா தீபாவளிக்குப் பழைய பாத்திரக்காரரிடம் போட எடுத்து வைத்திருந்த மூட்டையில் நான்கு வீல் கப்பும் இருந்தன. கூடவே காரின் கைப்புத்தகமும் 1970-ல் வாங்கிய ரசீதும்! "இந்தத் தகர மூடிக்கா இவ்வளவு மரியாதை?" என்று அவரே சிரித்தார்.

காகிதம் சரியா?

சாவி இருந்தும் காகிதம் இல்லாவிட்டால் அது கார் இல்லை, இரும்புதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு பொருந்த வேண்டும். சொந்தக் காரின் பதிவு முதலில் பதினைந்து வருடத்துக்குச் செல்லும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அந்தச் செலவையும் அலைச்சலையும் வாங்குகிறவர் விலையில் கழிப்பார்.

கணவர் பெயரிலேயே ஆர்.சி. இருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுவதே முறை. அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். பாரிஸில் இருந்த மகன் முறைப்படி சான்று பெற்றுச் சம்மதம் அனுப்பவே பெரியம்மாவுக்கு இரண்டு மாதமாயிற்று. ஆகவே ஆபரேஷன் தேதி வைத்த பிறகு இதைத் தொடங்காதீர்கள். பி.ஒய். எண் உள்ள காரை வெளி மாநிலத்தார் வாங்கினால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28 வேண்டும். அங்கே வரியும் கட்ட நேரும். அதையும் அவர் கழித்துத்தான் கேட்பார்.

ஐம்பது வயது கடந்த கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்திருக்கிறது. சேஸிஸும் பாடியும் எஞ்சினும் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால், விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் இருபதாயிரம், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் கடைக்குப் போகவோ வாடகைக்கு விடவோ முடியாது. "கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டே சம்பாதிக்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

கணக்குப் போடுவது எப்படி?

இன்ஷூரன்ஸ் காகிதத்தில் உள்ள தொகையை விலை என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு அது நாமும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். சரியான வழி பின்னாலிருந்து வருவது. இதே மாதிரி, இதே வருடத்து வண்டி, எல்லாம் செப்பனிட்ட நிலையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று மூன்று நான்கு இடத்தில் கேளுங்கள். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. அதிலிருந்து டிங்கரிங், பெயிண்டிங், எஞ்சின், டயர், காகிதச் செலவைக் கழியுங்கள். எதிர்பாராத செலவுக்கும் கொஞ்சம் கழியுங்கள். பழைய காரைப் பிரித்தால் புது வேலை கிளம்பாமல் இராது.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். செப்பனிட்ட வண்டி மூன்றரை லட்சம் போகும், வேலைக்கு இரண்டு லட்சம், எதிர்பாராததற்கு ஐம்பதாயிரம். மீதி ஒரு லட்சம்தான் இன்றைய விலை. நாமே செலவழித்துச் செப்பனிட்டு விற்றால் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் போட்ட பணமே திரும்பாது. கழுவி, பாட்டரி மாற்றி, எஞ்சின் ஓடுகிறது என்று காட்டினால் போதும்.

பெரியம்மாவுக்கு நான் சொன்னது எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை. விழுப்புரத்தில் இருந்து வந்தவர், பழைய ஃபியட் ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர், வீல் கப்பையும் ரசீதையும் பார்த்ததும் அதிகம் பேரம் பேசவில்லை. தொண்ணூறாயிரத்துக்கு முடிந்தது. "அஞ்சு லட்சம்னு உட்கார்ந்திருந்தா தரை முழுசும் உதிர்ந்திருக்கும், பதினெட்டாயிரத்துக்குத் தள்ளியிருந்தா மனசு உதிர்ந்திருக்கும்" என்றார் பெரியம்மா. ஆபரேஷனுக்கு மகன் அனுப்பியதோடு அந்தப் பணமும் சேர்ந்தது.

கடைசியாக ஒன்று. பணம் வாங்கிச் சாவியைக் கொடுப்பதோடு விற்பனை முடிந்துவிடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்றும் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரும்புக்குப் போடுவதானாலும் அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். நகையை விற்றால் ரசீது வாங்காமல் வருவோமா? அதே ஜாக்கிரதை காருக்கும் வேண்டும்.