சிகிச்சைக்குப் பின் ஊரின் கடமை

குடிநோயும் மனநோயும் நோய்களே, ஒழுக்கக்கேடு அல்ல. மருத்துவர் குணமாக்கத் தொடங்குவார்; மீண்டவரைக் காப்பது ஊர்.

சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1989இல் திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடி கிராமத்திலேயே குடிநோய்ச் சிகிச்சை முகாமைத் தொடங்கியது. ஊராரும் துணை நின்றனர். ஊரறியச் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பியபோது, அவரைப் புரிந்துகொள்ள அக்கம்பக்கத்தார் இருந்தனர்.

மீஞ்சூரில் துறைமுக வேலைக்கும் அனல்மின் நிலைய வேலைக்கும் செல்வோர் நடுவிலும் இது இயலும். மீண்டவரைப் பழைய பட்டப்பெயரால் அழைக்க வேண்டாம். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் குடிக்க வற்புறுத்த வேண்டாம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரை, "இனி எதற்கு?" என்று நிறுத்தச் சொல்ல வேண்டாம். அவருக்கு வேலை கொடுப்போம். உதவிக்கு 14416 என்னும் அரசின் இலவச மனநல எண்ணும் உண்டு.